வானம் பார்த்த தட்டு

கோவிலூரில் ஆச்சி வீட்டு மாடியில் நின்று பார்த்தால் கொற்றவாளீஸ்வரர் கோயில் கோபுரம் தெரியும். அதற்கு இப்பால் ஓட்டுக் கூரைகள். கூரைகளுக்கு மேல் டிஷ்கள். கிழக்கு வாசல் வீடு, வடக்கு வாசல் வீடு, பூட்டிக் கிடக்கிற வீடு என்ற பேதமெல்லாம் டிஷ்ஷுக்குக் கிடையாது. எல்லாம் ஒரே பக்கமாக, தெற்கும் கிழக்குமாகத் திரும்பி, ஆகாயத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கின்றன. இந்தச் சீமையை வானம் பார்த்த பூமி என்று சொல்வார்கள். இப்போது கூரைகளும் வானம் பார்க்க ஆரம்பித்துவிட்டன.

போன ஐப்பசியில் நான் அங்கே போயிருந்தது டிஷ் பார்ப்பதற்காக அல்ல. ஆச்சி என் சிநேகிதருடைய தாயார். வாலிப வயதில் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணி வைத்திருக்கிறார்கள். ஒரு பீரோ நிறைய இருக்கிறது. (பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா அப்படி ஆசை ஆசையாகச் சேர்த்ததுதான் இன்று சென்னையில் ஒரு பெரிய நூலகமாக நிற்கிறது. செட்டிநாட்டில் சேர்த்து வைக்கிற பழக்கம் பணத்தோடு நின்றுவிடவில்லை.) அந்தப் பீரோவில் எனக்கு ஒரு பழைய நாவல் வேண்டியிருந்தது. ரயிலில் படிக்க ஆர்தர் கிளார்க்கின் கதைத் தொகுதி ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அதில் ஒரு கதையும் ஆச்சி வீட்டு டிஷ்ஷும் ஒரே நாளில் என் கண்ணில் பட்டதால் வந்த வினைதான் இந்தக் கட்டுரை.

கதையின் பெயர் 'ஐ ரிமெம்பர் பாபிலன்'. 1960-ல் வெளியாயிற்று. வெளியிட்ட பத்திரிகை 'பிளேபாய்'. கதையின் விஷயம் தெரிந்தால் இது எப்பேர்ப்பட்ட பொருத்தம் என்பது விளங்கும்.

கிளார்க் 1956-ல் இலங்கைக்கு வந்து கொழும்பிலேயே தங்கிவிட்ட ஆங்கிலேயர். 2008-ல் அங்கேயே காலமானார். அதற்கெல்லாம் முன்னால், 1945-ம் வருஷம், 'வயர்லெஸ் வேர்ல்டு' என்ற பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சாட்டிலைட்டைச் சுற்ற விட்டால், அது ஒரு சுற்றுச் சுற்றுகிற நேரமும் பூமி தன்னைத்தானே சுற்றுகிற நேரமும் ஒன்றாகிவிடும். கீழேயிருந்து பார்க்கிறவனுக்கு அது ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். அப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுவதற்கும் செய்தி அனுப்பலாம் என்றார். வீட்டில் வாங்கிக்கொள்ள ஓர் அடி அகலத் தட்டு போதும் என்பது அவர் கணக்கு. அப்போது ஆகாயத்தில் ஒரு சாட்டிலைட்கூடக் கிடையாது. முதலாவது போனதே 1957-ல்தான். மேலே இருக்கிற நிலையத்தில் மனிதர்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள் என்று நினைத்தது ஒன்றுதான் தவறு. மற்றதெல்லாம் அப்படியே பலித்தது.

விஞ்ஞானி கிளார்க் இப்படி. கதாசிரியர் கிளார்க் பதினைந்து வருஷம் கழித்து அதே யோசனையைக் கையில் எடுத்துக்கொண்டு பயப்படுகிறார். கதையைச் சொல்பவர் கிளார்க்கேதான், பெயரைக்கூட மாற்றவில்லை. கொழும்பில் ஒரு விருந்தில் ஓர் அமெரிக்கரைச் சந்திக்கிறார். டெலிவிஷன் தொழிலின் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்த ஆள். தன் நாட்டின் எதிரிகளோடு சேர்ந்துகொண்டு அவர் ஒரு திட்டம் போட்டிருக்கிறார். அமெரிக்காவைப் பார்க்கிற மாதிரி ஆகாயத்தில் ஒரு சாட்டிலைட்டை நிறுத்துவது. எந்தத் தணிக்கைக்கும் உட்படாத காட்சிகளை அதிலிருந்து நேராக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் இறக்குவது. ஜனங்கள் மயங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்போது இடையிடையே பிரசாரத்தை நுழைத்துவிடுவது. மாதிரிக்கு ஒரு படத்தைப் பற்றியும் பேச்சு வருகிறது. அது என்ன தெரியுமோ? நம்முடைய கோனாரக் கோயில் சிற்பங்கள்!

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு சம்பாஷணையை வைத்துக்கொண்டே கடைசி வரையில் வாசகனை இழுத்துக்கொண்டு போகிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது. ஆனாலும் கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. அந்த அமெரிக்கர் வீடுகளைப் பற்றிப் பேசுகிறார், பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். ஒரு வீட்டுக்குள்ளாவது கிளார்க் நம்மை அழைத்துப் போகவில்லை. டெலிவிஷனுக்கு முன்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அன்றைக்குச் சமையல் ஆயிற்றா, மகனிடமிருந்து கடிதம் வந்ததா, ஒன்றும் தெரியாது. ஆகாயத்தில் 36,000 கிலோமீட்டர் வரை துல்லியமாகக் கணக்குப் போட்ட மனிதர், கூரையிலிருந்து கூடம் வரையிலான பதினைந்து அடியை அளக்காமல் விட்டுவிட்டார்.

இந்தக் கதைக்கு ஒரு பின்கதை உண்டு. அது கதையைவிட ருசியானது. 1975 ஆகஸ்டில் இந்தியா ஒரு பரீட்சை நடத்தியது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 என்ற சாட்டிலைட்டை ஒரு வருஷத்துக்கு இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு டெலிவிஷன் காட்டியது. கோழிக் கூண்டுக்குப் போடுகிற மாதிரிக் கம்பி வலையை வளைத்துப் பத்தடி அகலத்தில் தட்டுச் செய்து கிராமங்களில் நிறுத்தினார்கள். (ஆறில் தமிழ்நாடு இல்லை. ஆந்திராவும் கர்நாடகமும் இருந்தன.) அந்தச் சமயத்தில் நம்முடைய விண்வெளி நிறுவனத்தார் மரியாதை நிமித்தமாகக் கொழும்பில் கிளார்க்கின் வீட்டுக்கே போய், சுமார் ஐந்து மீட்டர் அகலத்தில் ஒரு தட்டை நிறுத்திக் கொடுத்துவிட்டு வந்தார்கள். அப்போது இலங்கையில் டெலிவிஷனே கிடையாது; 1979-ல்தான் வந்தது. ஆக, ஒரு நாட்டுக்கே இல்லாத டெலிவிஷன் ஒரு வீட்டில் மட்டும் ஓடிற்று. எதை ஓட்டிற்று? பயிர்ச் சாகுபடி, ஆரோக்கியம், குடும்பக் கட்டுப்பாடு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடம். ஹிந்தியிலும் ஒரியாவிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும்! ஆகாயத்திலிருந்து ஆபாசம் பொழியப்போகிறது என்று எழுதினவர் கூடத்தில் நாற்று நடுவது எப்படி என்ற படம் வந்து இறங்கிற்று. 1976 ஜூலையோடு தவணை முடிந்தது. அமெரிக்கா தன் சாட்டிலைட்டை நகர்த்திக்கொண்டு போய்விட்டது. அந்த வருஷத்தை வைத்து அவர் ஒரு சிறுகதை எழுதியிருந்தால், பாபிலோன் கதையைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்ள நான் தயார்.

கோவிலூருக்கு வருகிறேன். கடலுக்கு அப்பாலிருந்து வருகிற குரல் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கொழும்பில் செட்டியார் தெருவில் கடை வைத்திருந்தவர்களின் வீடுகள் இங்கே எத்தனையோ. ஆச்சியின் மாமனாரும் அப்படித்தான். கடை போன பிறகும் குரல் வந்துகொண்டிருந்தது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டுத்தான் தெற்கத்தித் தமிழர்கள் ஒரு தலைமுறைக்குச் சினிமாப் பாட்டு மனப்பாடம் செய்தார்கள். 1982-ல் ரூபவாஹினி வந்ததும், கரையோர ஜில்லாக்களில் உயர உயரமாக இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனாவைக் கட்டி, பூஸ்டர் போட்டு, புரியாத சிங்களத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். காற்றடித்தால் ஒருவன் மாடியில் குழாயைத் திருப்ப, ஒருவன் கீழேயிருந்து "வருது, வருது... போச்சு" என்று கத்துவான். ஆச்சி வீட்டில் கத்தினது என் சிநேகிதர்.

பிறகுதான் டிஷ். 1991-ல் வளைகுடா யுத்தத்தை சி.என்.என். காட்டியதும், அதே வருஷம் ஸ்டார் டி.வி. வந்ததும், ஊருக்கு ஊர் கேபிள்காரர் முளைத்தார். டிஷ் அவர் மாடியில் இருந்தது. எட்டடி, பத்தடி அகலம். நம் வீட்டுக்கு வந்தது ஒயர் மட்டும். 1993 சித்திரை முதல் தேதி சன் டி.வி. ஆரம்பமாயிற்று. தனியார் இந்திய மண்ணிலிருந்து படத்தை மேலே அனுப்பச் சட்டம் இடம் கொடுக்காத காலம் அது. தமிழ்ப் படம் அயல்நாட்டுக்குப் போய், அங்கிருந்து ஆகாயத்துக்கு ஏறி, அப்புறம் காரைக்குடிக்கு இறங்கிற்று. பாக்குக்கும் பர்மாத் தேக்குக்கும் கடல் தாண்டின ஊருக்கு இது ஒன்றும் ஆச்சரியமாக இருந்திருக்காது.

வீட்டுக்கு வீடு தனி டிஷ் என்ற பேச்சு வந்தபோதுதான் பெரியவர்களுக்கெல்லாம் கிளார்க்கின் ஜுரம் கண்டது. 1997-ல் இந்திய அரசாங்கம் சிறிய டிஷ் வைத்து நேராகப் படம் வாங்குவதைத் தடை செய்தது. கலாசாரம் என்ன ஆவது என்று மேடைக்கு மேடை கேட்டார்கள். 2000-ல் நிபந்தனைகளோடு தடையை எடுத்துவிட்டார்கள். 2003-லிருந்து கடைகளில் டிஷ் வந்தது. கலாசாரம் கெட்டதா என்ற கேள்விக்கு அப்போது சொன்ன பதிலையும் இப்போது கூரைகளுக்குக் கீழே நடப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா?

ஆச்சி வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு. வளவைச் சுற்றி அறைகள். ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. பர்மாத் தேக்குத் தூண்களை இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்க முடியாது. இவ்வளவிலும் இருப்பது ஆச்சியும், கூடமாட ஒத்தாசைக்கு இருக்கிற ஒரு அம்மாளும்தான். மகன்களில் ஒருவர் சிங்கப்பூர், ஒருவர் சென்னை, என் சிநேகிதர் பெங்களூர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆச்சி பட்டாலையில் ஒரு மூங்கில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தொடர் பார்க்கிறார்கள்.

நானும் நான்கு நாள் கூட உட்கார்ந்து பார்த்தேன். பார்க்காமல் திட்டுகிற விமரிசனம் எனக்குப் பிடிக்காது. தொடர்கள் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். கேபிள் காலத்தில் வந்த 'மெட்டி ஒலி'யில் ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு தகப்பனின் கவலை நிஜமான கவலையாக இருந்தது. அடுத்த வீட்டில் கேட்கிற பேச்சு மாதிரி பேசினார்கள். 'கோலங்கள்' 2003-லிருந்து 2009 வரையில், 1,500 பகுதிகளுக்கு மேல் ஓடிற்று. ஆறு வருஷம் ஒரு கதையைச் சொல்லுகிற மூச்சு எந்த நாவலாசிரியனுக்கு உண்டு? இப்போது ஆச்சி பார்ப்பது அந்த ரகம் அல்ல. ஒருத்தி ஒரு வார்த்தை சொல்கிறாள். உடனே கூடத்தில் நிற்கிற பதினோரு பேர் முகத்தையும் வரிசையாகக் காட்டுகிறார்கள், இடி முழக்கத்தோடு. முதலில் சொன்ன முகத்துக்குத் திரும்புவதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது. மறுநாள் அந்த ஒரு வார்த்தையையே மறுபடி முதலிலிருந்து சொல்கிறாள். ஒரு வாரத்தில் கதை ஒரு வாசற்படி தாண்டினால் அதிகம்.

தொடர்கதை எழுதிப் பிழைத்த நான் இதைச் சொல்ல யோக்கியதை உள்ளவனா என்று கேட்கலாம். கதாநாயகியைக் கிணற்று விளிம்பில் நிறுத்தித் 'தொடரும்' போட்டவர்கள்தானே நாங்கள்! கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரையில் வாரா வாரம் வந்தது. ஆனால் அந்த 'வாரா வாரம்' என்பதில்தான் சூட்சுமம். நடுவில் ஆறு நாள் கதை வாசகர் கையில் இருந்தது. குளத்தங்கரையில், கோயில் பிராகாரத்தில் அவர்கள் அதை மேலே எழுதிப் பார்த்தார்கள். நாங்கள் எழுதினதைவிடச் சில சமயம் நன்றாகவே எழுதினார்கள். டெலிவிஷன் தொடர் தினம் வருகிறது. கதையை வாசகியின் கையில் கொடுப்பதே இல்லை. ஆபாசம் என்று ஒன்று இருக்குமானால் என் புத்தியில் அது இதுதான்.

ஆனால் நாலாம் நாள்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்தத் தொடரில் வருகிற வீடு செட்டிநாட்டு வீடு. சினிமாக்காரர்களும் டெலிவிஷன்காரர்களும் இந்தப் பக்கத்து வீடுகளை வாடகைக்கு எடுத்துப் படம் பிடிப்பது சகஜம். அதே வளவு, அதே தூண், அதே ஆத்தங்குடிக் கல் பாவின தரை. வித்தியாசம் ஒன்றுதான். படத்தில் இருக்கிற வளவில் ஜனம் நிறைந்திருக்கிறது. நாலு மகன், நாலு மருமகள், பேரன் பேத்தி, நாத்தனார், யாரோ ஒரு சித்தப்பா. சண்டை போடுகிறார்கள், சாப்பிடுகிறார்கள், மறுபடி சண்டை போடுகிறார்கள். ஆச்சியின் கண் கதாநாயகியின் மேலேயே இல்லை. பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்கிறது. "இந்தப் பயல் ரெண்டு நாளாக் காணுமே, ஊருக்குப் போயிட்டானா?" என்று கூட இருக்கிற அம்மாளிடம் கேட்கிறார்கள். கதையில் ஒரு வேலையும் இல்லாத ஒரு சிறு பையனைப் பற்றிய விசாரணை அது.

கிளார்க் கணக்குப் பிசகின இடம் இது என்று நினைக்கிறேன். தன் வீட்டில் கிடைக்காத விபரீதத்தைத் தேடித்தான் மனிதன் ஆகாயத்தில் தட்டை நீட்டுவான் என்று அவர் எண்ணினார். இளவட்டங்கள் வேண்டுமானால் அப்படி நீட்டியிருக்கலாம். பெரும்பாலோர் நீட்டியது வீட்டுக்காகவேதான். ஸ்வீடனில் இப்படி ஒரு வழக்கு நடந்தது. இராக்கிலிருந்து போய்க் குடியேறின ஒரு குடும்பம், அரபியிலும் பாரசீகத்திலும் வருகிற நிகழ்ச்சிகளைப் பார்ப்பதற்காகக் குடியிருந்த வீட்டில் டிஷ் வைத்தது. வீட்டுக்காரர் எடு என்றார், எடுக்கவில்லை, காலி செய்ய வைத்துவிட்டார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரையில் போய், 2008 டிசம்பரில், செய்தி பெறுகிற அவர்களுடைய உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பாயிற்று. தாய்மொழியைக் காதால் கேட்பதற்காக இருக்கிற வீட்டையே விட்ட குடும்பம் அது. பாபிலோன் எங்கே, இது எங்கே!

இதனால் டிஷ் நல்லது என்று நான் சர்டிபிகேட் கொடுத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். சிங்கப்பூர் மகன் அங்கிருந்தபடியே மாதா மாதம் டிஷ்ஷுக்குப் பணம் கட்டுகிறார். மறந்துவிட்டால் அன்று இரவே படம் நின்றுவிடும். ஆச்சி போன் பண்ணுவார்கள். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும். மகன் இதைப் பெரிய கடமையாகச் செய்கிறார். வருஷா வருஷம் வந்துகொண்டிருந்தவர், டிஷ் மாட்டின பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வருகிறார். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். தூர்தர்ஷன் 2004-லிருந்து மாதச் சந்தா இல்லாமல் ஒரு டிஷ் சேவை நடத்துகிறது. அதைப் போட்டுக்கொள்ளலாமே என்றேன். "அதுலே நம்ம ஆளுக வர மாட்டாகளே, தம்பி" என்றார்கள் ஆச்சி. நம்ம ஆளுக!

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. லண்டனில் டிஷ்ஷைச் சுவரில் காலண்டர் மாட்டுகிற மாதிரி நிமிர்த்தி மாட்டுகிறார்கள். சாட்டிலைட் அங்கே அவ்வளவு தணிவாகத் தெரியும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கம்; நமக்கு அது ஏறக்குறைய தலைக்கு மேல். ஆகவே நம் டிஷ் மழையை நேராக முகத்தில் வாங்குகிறது. சிறிய டிஷ்ஷுக்கு வருகிற அலை மிகவும் குறுகினது. கனத்த மழையில் தண்ணீர் அதைக் குடித்துவிடும். மழைக்காக வானம் பார்க்கிற ஊரில் மழை வந்தால் படம் போய்விடுகிறது.

அன்று ஒருத்தி கையை ஓங்கினபடி நின்றாள். சதுரம் சதுரமாக உதிர்ந்து போனாள். வளவில் மழை இரைந்து கொட்டிற்று. ஆச்சி கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு கூட இருந்த அம்மாளிடம், "அடிக்க மாட்டா. மூத்தவ வந்து கையைப் பிடிச்சுக்குவா. அவளுக்கு இவ மேலே கோவமே கிடையாது, தன் புருஷன் மேலேதான்" என்று ஆரம்பித்து, கால் மணி நேரத்தில் அந்தக் குடும்பத்தின் சங்கதியை நேர்செய்து முடித்துவிட்டார்கள். தொடர் எழுதுகிறவர் கேட்டிருந்தால் நோட்டுப் புத்தகம் எடுத்திருப்பார்.

அப்புறம் என் மடியில் இருந்ததைப் பார்த்து, "அது என்ன கதை தம்பி, வந்த நாளாப் படிக்கிறீக?" என்றார்கள்.

சொன்னேன். கோனாரக் வருகிற இடத்தைக் கொஞ்சம் நாசூக்காகச் சொன்னேன்.

"கோயில்லே இருக்கிற சிலைதானே? நம்ம தேர்லே இல்லாததா?" என்றார்கள் ஆச்சி. "இதைப் பார்த்தா அந்தச் சீமை கெட்டுப்போகும்னாக?"

"அப்படித்தான் எழுதியிருக்கிறார், ஆச்சி."

ஆச்சி யோசித்தார்கள். "அது இருக்கட்டும். அம்புட்டு வீட்டிலேயும் தட்டை ஆரு மாட்டி விட்டாக? மகன்களா?"

நான் புத்தகத்தைப் புரட்டினேன். அதற்குள் மழை விட்டு, படம் வந்துவிட்டது.